வானம் பார்க்க ஒரு தொலைநோக்கி

தொலைநோக்கி வாங்கக் கடைக்குப் போனால், பெட்டியின் மேல் ‘450 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முன்வில்லையின் குறுக்களவு 60 மில்லிமீட்டர் என்றால், ஏறக்குறைய 120 மடங்கு வரைதான் அது உருப்படியாகக் காட்டும். அதற்கு மேல் உருவம் பெருக்குமே தவிர, தெளிவு இராது. முக்காலி உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். கால் ஆடினால் சனிக்கிரகமும் ஆடும்!

லயத்து விளக்கு வெளிச்சம் படாத திடல் ஓரம் நல்லது. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். கைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் நிலவைப் பாருங்கள். ஆனால் பௌர்ணமியன்று வேண்டாம். அன்று ஒளி நேராக விழுவதால் நிழலே தெரியாது. அரைநிலவில், ஒளியும் இருளும் சேரும் கோட்டருகே பள்ளங்களும் மலைகளும் எடுப்பாகத் தெரியும். அடுத்தது வியாழன். 1610-ஆம் ஆண்டில் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களும் அதன் இருபுறமும் சிறு புள்ளிகளாக வரிசையில் நிற்கும். மறுநாள் அவை இடம் மாறியிருக்கும். பிள்ளைகளை ஒவ்வோர் இரவும் நோட்டில் வரையச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பனி பொல்லாதது. வில்லையில் ஈரம் படிந்தால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். தானாகவே காயட்டும்.

பெற்றோர்களே, பகலில் கருவியைப் பூட்டி வையுங்கள். அதன் வழியே சூரியனைப் பார்த்தால் பார்வையே போய்விடும். போகும்போது வலிகூடத் தெரியாது. சில மலிவான கருவிகளோடு, கண் வைக்கும் பக்கம் பொருத்த ஒரு கறுப்புச் சூரிய வில்லை வரும். அது சூட்டில் விரிசல் விட்டுவிடும். அதை உடனே தூக்கி எறிந்துவிடுங்கள்.