முயற்கொல்லி நோயும் தடுப்பூசியும்

பிராணிகளுள் முயலைப்போல் ஒரே காலத்தில் மக்களது அன்பிற்கும் பகைக்கும் உரியதாயிற்று வேறொன்றில்லை எனலாம். ஒரு வீட்டில் அது குழந்தைகளின் மடியில் துயில்கின்றது. அவ்வீட்டு வேலிக்கு அப்பாலோ, அதன் இனத்தையே பயிர்ப்பகை எனக் கருதி அழிக்கின்றனர். இவ்விரு நிலையும் ஒருங்கே காணப்பெறும் நாடு ஆஸ்திரேலியா. முயல்களைக் கூட்டங்கூட்டமாக மாய்க்கும் கொடிய தொற்றுநோய் ஒன்றின் வரலாற்றையும், அதனின்றும் வளர்ப்பு முயலைக் காக்கும் தடுப்பூசியின் இயல்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

குருதிப்போக்கு நோய் என இந்நோயைக் கூறலாம். 1984-ஆம் ஆண்டில் சீன தேசத்து ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து கொணரப்பெற்ற அங்கோரா முயல்களிடத்தே இது முதன்முதல் அறியப்பட்டது. ஓராண்டிற்குள் அந்நாட்டில் ஏறத்தாழ 14 கோடி முயல்கள் மாண்டன என மதிப்பிடுவர். 1986-இல் இத்தாலியில் தோன்றிப் பின்னர் ஐரோப்பா எங்கும் பரவிற்று.

இதற்குக் காரணம் வைரஸ் எனப்படும் மிக நுண்ணிய கிருமி. அது முயலின் உடம்பிற் புகுந்து கல்லீரலைத் தாக்கி, அதன் உயிரணுக்களை அழிக்கின்றது. அதனால் உடலெங்கும் உள்ள சிறு குழாய்களில் குருதி உறைகின்றது. உறைதற்குரிய பொருள் இங்ஙனம் செலவாகிவிடவே, நுரையீரல் முதலிய உறுப்புக்களில் குருதி கசியத் தொடங்குகின்றது. கிருமி புகுந்த 1 முதல் 3 நாட்களுள் சுரம் காண்கின்றது. சுரம் கண்ட 12 முதல் 36 மணி நேரத்தில் பெரும்பாலும் உயிர் நீங்குகின்றது. முன்னாள் மாலையில் துள்ளி விளையாடிய முயல், யாதொரு குறியுமின்றி மறுநாட் காலையில் இறந்து கிடத்தலும் உண்டு. நோய் வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. மக்களையும், நாய் பூனைகளையும் இது வருத்துவதில்லை.

2010-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் இக்கிருமியின் இரண்டாம் வகை காணப்பட்டது. முதல் வகையோ நான்கு வாரத்திற்குட்பட்ட இளங்குட்டிகளை உயிருடன் விட்டுவிடும். இரண்டாம் வகைக்கு அத்தகைய இரக்கமும் இல்லை. மேலும், முதல் வகையின்பொருட்டு இட்ட ஊசி இதனைத் தடுக்கப் போதியதாக இல்லை. ஆதலின் முயல் வளர்ப்போர், தாம் இடுவிக்கும் ஊசி இவ்விரு வகைக்கும் உரியதா எனக் கேட்டறிதல் இன்றியமையாதது.

“எம் முயல் வீட்டைவிட்டு வெளியே செல்வதில்லை, அதற்கு ஊசி எதற்கு?” என வினவுவார் பலர். முயல் வெளியே செல்லாவிடினும் கிருமி உள்ளே வரும் என்பதே விடை. இறந்த முயலின்மேல் அமர்ந்த ஈ, அவ்வழி நடந்தவனது காலணி, வயலிற் பறித்த பசும்புல், நோயுற்ற முயலைத் தொட்ட கை ஆகிய இவையெல்லாம் அதற்கு வாகனங்களாம். இறந்த முயலின் உடலில் இக்கிருமி பல திங்கள் வலிகுன்றாது கிடக்க வல்லது.

இனி, தடுப்பூசி தொழிற்படுமாற்றைக் காண்போம். கிருமியின் புறவுறையை ஊறு செய்யாத வடிவில் உடம்பிற்குக் காட்டினால், உடம்பு அதனைப் பகையென அறிந்து, எதிர்க்கும் பொருள்களை ஆக்கி வைத்துக்கொள்ளும். பின்னர் மெய்யான கிருமி வருங்கால் அது வாயிலிலேயே மடக்கப்படும். இக்கிருமியைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தல் அரிதாதலின், முன்னாளில் முயல்களுக்கே நோயை ஊட்டி, அவற்றின் ஈரலிலிருந்து கிருமியை எடுத்து, பார்மலினாற் கொன்று ஊசிமருந்து சமைத்தனர். பல முயல்களைக் காக்கச் சில முயல்கள் மடிய வேண்டியிருந்தது. இந்நாளில் வேறு வழிகளும் உள. பூச்சியின் உயிரணுக்களைக் கொண்டு புறவுறைப் புரதத்தை மட்டும் ஆக்கும் மருந்தொன்றிற்கு 2021-இல் அமெரிக்க அரசாங்கம் அவசர அனுமதி அளித்தது. அதனை மூன்று வார இடைவெளியில் இருமுறை இடுதல் வேண்டும். ஐரோப்பாவில் வழங்கும் மற்றொன்று, மிக்ஸோமா என்னும் வேறொரு முயல்நோய்க் கிருமியை வலிகுறைத்து, அதனுள் குருதிப்போக்குக் கிருமியின் உறைக்குரிய மரபணுவைச் சேர்த்து ஆக்கியது. ஓர் ஊசியே இருநோய்க்கும் காப்பாம். ஐந்து வாரம் நிரம்பிய குட்டி முதல் இதனை இடலாம். மூன்று வாரத்திற் காப்பு முற்றும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நிலையோ விந்தையானது. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பார் வேட்டையாடும் பொருட்டு விட்ட முயல்கள் பெருகி, மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கின. 1950-இல் அரசாங்கத்தார் மிக்ஸோமா கிருமியை வேண்டுமென்றே பரப்பினர். அது மக்களுக்கும் ஊறு செய்யுமோ என்னும் அச்சத்தைப் போக்க, பென்னர், பர்னெட், குளூனிஸ் ராஸ் என்னும் அறிஞர் மூவர் 1951-இல் அக்கிருமியைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டனர். குருதிப்போக்குக் கிருமி வார்டாங் தீவில் ஆராயப்படுங்கால், 1995-இல் தப்பிப் பெருநிலத்திற் பரவிற்று; அதன் புதிய வகையொன்றை 2017-இல் அரசாங்கத்தாரே பரப்பினர். குருதிப்போக்கு நோய்க்கு ஆங்கு வளர்ப்பு முயல்கட்கு ஊசி உண்டு. மிக்ஸோமா ஊசிக்கோ அனுமதியில்லை. ஊசியிலுள்ள வலிகுன்றிய கிருமி காட்டு முயல்களிடைப் பரவி அவற்றையும் காத்துவிடுமோ என்பதே அச்சம். எனவே ஆங்குள்ளோர் கொசுவலை கட்டியே தம் முயலைக் காத்தல் வேண்டும்.

உழவரது துன்பம் சிறிதென யாம் கூறோம். ஆயினும் கூண்டிலுள்ள முயல் எவர் பயிரையும் மேய்ந்ததில்லை. நோய்வந்த இடத்தை விட்டு ஓடும் உரிமையையும் அதனிடமிருந்து நாமே எடுத்துக்கொண்டோம். ஆதலின் அதனைக் காத்தல் வளர்ப்போர் கடனாம்.

அண்டை வீட்டு முயல் இறந்தபின் ஊசியை நாடலாமெனக் காலந்தாழ்த்துதல் பேதைமை. நோய் சில நாட்களிற் கொல்லும். காப்பு முற்றுதற்கோ சில வாரம் வேண்டும். ஊசியிட்ட இடத்தில் சிறு வீக்கமும், ஓரிரு நாட்சோர்வும் நேரினும் அவை தாமே நீங்கும். புதிதாகக் கொணர்ந்த முயலைச் சின்னாள் வேறாக வைத்தலும், ஈக்களை அணுகவிடாமையும், தீண்டுமுன் கைகழுவுதலும் ஊசிக்குத் துணையாவனவே அன்றி, அதற்கு ஈடாகா என்றறிக.