ராஜாவுக்கு முன்பே போன பாட்டு!

நேபாளத்தில் மன்னராட்சி ஒழிந்தது 2008 மே 28-ம் தேதி. ஆனால், மன்னரை வாழ்த்தும் தேசிய கீதம் அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டது!

'ஸ்ரீமான் கம்பீர்' என்ற அந்தக் கீதத்துக்கு 1899-ல் மெட்டுப் போட்டார்கள். வரிகள் வந்ததோ 1924-ல். கால் நூற்றாண்டு வெறும் பேண்டு வாத்தியம்தான்! 2007 ஆகஸ்ட் 3-ல் புதிய கீதம் வந்தது. அதில் ராஜாவே இல்லை. மக்கள்தான் மாலையில் கோத்த பூக்கள். சரி, பள்ளிக்கூடத்தில் பாடிப்பாடி மனப்பாடமான பழைய பாட்டை ஓர் அறிவிப்பு வந்ததும் மறந்துவிட முடியுமா, என்ன?

தபால்தலைகள் கதை வேறு. 1881-ல் வெளியான முதல் மூன்றும் 1, 2, 4 அணா மதிப்புள்ளவை. அவற்றில் ராஜாவின் முகம் கிடையாது. மகுடமும், குறுக்காக வைத்த இரண்டு குக்ரி கத்திகளும்தான். பின்னாளில், செடிப்பட்டையிலிருந்து கையால் செய்த உள்ளூர்க் காகிதத்திலும் அச்சடித்தார்கள். சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் அந்த மகுடம் இன்றும் பத்திரம்.

நிஜ மகுடம்? கடைசி மன்னர் ஞானேந்திரா அரசிடம் ஒப்படைத்துவிட்டார். காத்மாண்டுவில் அவர் வாழ்ந்த நாராயண்ஹிட்டி அரண்மனை இப்போது மியூசியம். டிக்கெட் வாங்கினால், அங்கே பார்க்கலாம்.