500 பெயர்களை நொடியில் திருத்தும் ‘விம்’!

‘விம்’ என்றதும் பாத்திரம் துலக்கும் சோப்புதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

இது வேறு விம். கம்ப்யூட்டரில் எழுதவும், எழுதியதைத் திருத்தவும் உதவும் புரோகிராம். இந்த வகைப் புரோகிராமுக்கு ‘எடிட்டர்’ என்று பெயர். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. ஆனால் பட்டியலும் கணக்குமாக மல்லாடும் குமாஸ்தாவுக்கும் இது கை கொடுக்கும்.

மும்பையில் ஓர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 500 தமிழர்களின் பெயர்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி எல்லாவற்றிலும் இனிஷியல் முன்னால் இருக்கிறது. ‘கே. முருகன்’, ‘டி.எஸ். ராமன்’ என்று வரிக்கு ஒரு பெயர்.

“இனிஷியலை எல்லாம் பின்னால் போடுங்கள். சாயங்காலத்துக்குள் பட்டியல் வேண்டும்” என்கிறார் மானேஜர்.

ஒவ்வொன்றாகத் திருத்தினால் அரை நாள் ஓடிவிடும். கண் பூத்துப் போகும். இருநூறாவது பெயரில் தப்பு வரும். தப்பு வந்தால் திட்டு!

விம் தெரிந்தவர் முதல் பெயரை மட்டும் திருத்துவார். மீதி 499 பெயர்களும் கண் மூடித் திறப்பதற்குள் திருந்திவிடும்.

எப்படி? அதற்கு முன் ஒரு சின்னக் கதை.

ஆமை வேக போன் கம்பி

1969-ல் அமெரிக்காவில் கென் தாம்சன் என்ற நிபுணர் ‘இடி’ என்ற எடிட்டரை எழுதினார். அது மகா சிக்கனப் பேர்வழி. தவறு செய்தால் ஒரே ஒரு கேள்விக்குறியைக் காட்டும். என்ன தவறு என்று சொல்லாது!

லண்டன் குயின் மேரி கல்லூரியில் இருந்த ஜார்ஜ் கூலூரிஸ் இதைக் கொஞ்சம் எளிதாக்கினார். ‘சாதாரண மனிதர்களுக்கான எடிட்டர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். 1976-ல் அதைப் பார்த்தார் பில் ஜாய். அப்போது அவர் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர். அதிலிருந்து தொடங்கி அவர் உருவாக்கியதுதான் ‘விஐ’ என்ற எடிட்டர்.

இதே பில் ஜாய்தான் பிறகு 1982-ல் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த வினோத் கோஸ்லா முதலியோருடன் சேர்ந்து, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியைக் கட்டி எழுப்பியவர்.

ஜாயின் வீட்டில் இருந்த கருவி, போன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருடன் பேசியது. நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வரும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட ஒரு திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்!

ஆகவே ஒவ்வொரு எழுத்தும் காசு போல. குறைவாகத் தட்டி நிறைய வேலை வாங்க வேண்டும். அந்தக் கஞ்சத்தனத்தில் பிறந்ததுதான் இதன் திறமை.

டைப்ரைட்டிங் விரல்

ஜாய் பயன்படுத்திய கீபோர்டில் அம்புக்குறிக்குத் தனி பட்டன் கிடையாது. எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புக்குறி அச்சிடப்பட்டிருந்தது. எச் இடது, ஜே கீழே, கே மேலே, எல் வலது. இன்றைக்கும் விம்மில் இதுதான் வழி.

ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்து, சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரெயில் ஏறிய தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. வலது கை வழக்கமாகக் குடியிருக்கும் இடமே இதுதான். மவுஸைத் தேடிக் கையை எடுக்க வேண்டியதில்லை.

ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை

விம்மைத் திறந்து உடனே தட்டினால் எழுத்து விழாது. காரணம், தொடக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் உத்தரவு. ‘ஐ’ தட்டிய பிறகுதான் எழுதலாம். எழுதி முடித்ததும் ‘எஸ்கேப்’ பட்டனை அழுத்தினால் மீண்டும் உத்தரவு நிலை.

உத்தரவுகளை இலக்கணம் போலச் சேர்க்கலாம். ‘டி’ என்றால் நீக்கு. ‘சி’ என்றால் மாற்று. ‘ஒய்’ என்றால் நகல் எடு. ‘டபிள்யூ’ என்றால் ஒரு சொல்.

‘டி’யும் ‘டபிள்யூ’வும் தட்டினால் ஒரு சொல் போகும். ‘டி’யை இரண்டு தடவை தட்டினால் முழு வரி போகும். முன்னால் 10 சேர்த்தால் பத்து வரி போகும். தவறிப் போனால் ‘யூ’ தட்டினால் போதும், போனது திரும்பி வரும்.

இதில் ராஜா, முற்றுப்புள்ளி! கடைசியாகச் செய்த திருத்தம் எதுவானாலும், புள்ளியைத் தட்டினால் அதை மறுபடி செய்துவிடும்.

500 பெயர்களின் ரகசியம்

இப்போது பட்டியலுக்கு வருவோம்.

முதல் பெயரில் நின்று ‘க்யூ’, ‘ஏ’ தட்ட வேண்டும். இனி தட்டுவதை எல்லாம் விம், ‘ஏ’ என்ற பெயரில் மனப்பாடம் செய்துகொள்ளும்.

பூஜ்யம் தட்டினால் வரியின் தொடக்கம். சின்ன ‘டி’, பெரிய ‘டபிள்யூ’ தட்டினால் இனிஷியல் நீங்கிவிடும். பெரிய ‘ஏ’ தட்டினால் வரியின் கடைசி. அங்கே ஓர் இடைவெளி விட்டு, எஸ்கேப். பிறகு ‘பி’ தட்டினால், நீக்கிய இனிஷியல் அங்கே வந்து உட்காரும். ‘ஜே’ தட்டி அடுத்த வரிக்கு இறங்கி, ‘க்யூ’ தட்டினால் பாடம் முடிந்தது.

அடுத்து 499, அதன் பின் ‘அட்’ குறி, ‘ஏ’. அவ்வளவுதான். ‘கே. முருகன்’, ‘முருகன் கே.’ ஆகிவிட்டார். மற்ற 499 பேரும் அவர் பின்னால்!

ஓர் எச்சரிக்கை. ‘டி.எஸ்.’ என்று சேர்த்து எழுதியிருந்தால் சரி. யாராவது ‘டி. எஸ்.’ என்று நடுவில் இடம் விட்டிருந்தால், ‘டி.’ மட்டும் பின்னால் போய்விடும். சொன்னதைச் செய்யும் வேலைக்காரன், யோசிக்க மாட்டான். பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுவது ஆபீஸ்காரரின் பொறுப்பு.

பம்பாயா, மும்பையா?

1995-ல் பம்பாய், மும்பை ஆனது. பழைய விலாசப் பட்டியலில் ஆயிரம் இடத்தில் ‘பம்பாய்’ இருந்தாலும் விம்மில் ஒரே வரி உத்தரவில் மாற்றலாம்.

ஆனால் பம்பாய் ஹைகோர்ட்டும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கோர்ட்டுக்கே பெயர் மாறிவிடும்! உத்தரவின் கடைசியில் ‘சி’ சேர்த்தால், “இதை மாற்றட்டுமா?” என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்கும். ‘ஒய்’ என்றால் மாற்றும். ‘என்’ என்றால் விட்டுவிடும்.

உள்ளே போனவர் வெளியே வரவில்லை

இத்தனை திறமை இருந்தும் விம்மில் ஒரு சங்கடம். புதிதாக வருகிறவருக்கு வெளியே போகும் வழி தெரியாது. இதைப் பற்றி இன்டர்நெட்டில் ஒருவர் கேட்ட கேள்வியை, 2017-க்குள் 10 லட்சம் முறை பார்த்திருந்தார்கள்!

வழி இதுதான்: எஸ்கேப் அழுத்தி, கோலன், ‘க்யூ’, ஆச்சரியக்குறி, பிறகு எண்டர். செய்த திருத்தங்கள் சேமிக்கப்படாமல் போகும். சேமிக்க வேண்டுமானால் கோலன், ‘டபிள்யூ’, ‘க்யூ’, எண்டர்.

உகாண்டா குழந்தைகள்

விஐ எடிட்டரை மேம்படுத்தி விம் ஆக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார். 1991-ல் அமிகா என்ற கம்ப்யூட்டருக்காக அதை வெளியிட்டார்.

1994-ல் அவர் உகாண்டா நாட்டில் கிபாலே என்ற ஊருக்குத் தொண்டு செய்யப் போனார். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பார்த்தார். மனம் தாங்கவில்லை. ஊர் திரும்பி அறக்கட்டளை ஏற்படுத்தினார்.

விம்முக்கு அவர் விலை வைக்கவில்லை. “பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு உதவுங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் விம்மைத் திறந்ததும் திரையிலேயே தெரிந்தது. பலர் பணம் அனுப்பினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

மூலனார் 2023 ஆகஸ்டு 3-ந் தேதி காலமானார். 2024 ஜனவரியில் வந்த விம் 9.1 பதிப்பை, அவருடன் உழைத்தவர்கள் அவருக்கே சமர்ப்பித்தார்கள்.

அரை மணி நேரப் பாடம்

விம் இன்றும் இலவசம். விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும். ‘விம்டியூட்டர்’ என்ற பயிற்சிப் பாடம் கூடவே வருகிறது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

முதல் வாரம் கை தடுமாறும். கோபம் வரும். ‘ஏ எஸ் டி எஃப்’ அடித்துப் பழகிய முதல் வாரமும் அப்படித்தானே இருந்தது!

கம்ப்யூட்டர் வந்ததும் டைப்ரைட்டர் மூலைக்குப் போனது. தட்டிப் பழகிய விரல்கள் மட்டும் போகவில்லை. அவற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது.