பவுத்திர நோயும் அறுவை மருத்துவமும்: குணமாக்கலுக்கும் தசைக்காப்பிற்கும் இடையிலான தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆசனவாய், மலக்குடல் நோய்களுள் மிகப் பழமையான மருத்துவப் பதிவுகளைக் கொண்டவற்றுள் பவுத்திரமும் ஒன்று. இது உயிருக்கு ஊறு விளைப்பது அரிது. எனினும் மீண்டும் மீண்டும் தோன்றும் இயல்பினாலும், சிகிச்சையே மலம் அடக்கும் ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும் என்பதனாலும் இன்றும் அறுவை மருத்துவர்க்கு அறைகூவலாக விளங்குகிறது. நோயின் தோற்றம், வகைப்பாடு, கத்தி, நூல், தசைகாக்கும் புதுமுறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இச்சிகிச்சைகள் யாவும் ‘எவ்வளவு தசையை அறுக்கலாம்?’ என்னும் ஒரே வினாவுக்குத் தரப்பட்ட வெவ்வேறு விடைகள் என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: பவுத்திரம், சுருக்குத்தசை, புரைவழி, காரநூல், பார்க்ஸ் வகைப்பாடு, அடக்கும் ஆற்றல்

முன்னுரை

தமிழகத்துச் சுவர் விளம்பரங்களில் ‘மூலம்’, ‘பவுத்திரம்’ என்னும் இரு சொற்களும் இணைந்தே காணப்படுகின்றன. இவ்விணைப்பினால் இரண்டும் ஒரே நோயின் இரு நிலைகள் என்னும் எண்ணம் மக்களிடையே பரவியுள்ளது. உண்மையில் இவை வெவ்வேறு நோய்கள். ஆசனவாயின் உட்புறத்தில் உள்ள குருதிநாளத் திண்டுகள் வீங்கிச் சரிவது மூலம். ஆசனவாய்த் தோலில் நீளவாக்கில் ஏற்படும் கிழிசல் வெடிப்பு. ஆசனவாயின் உட்சுவருக்கும் புறத்தோலுக்கும் இடையே சீழ் வடியும் ஒரு வழி உருவாகி நிலைத்துவிடுவது பவுத்திரம். மூலத்திற்கு உரிய களிம்போ மாத்திரையோ பவுத்திரத்தின் வழியை அடைப்பதில்லை. பெயர்க் குழப்பம் இங்குச் சிகிச்சைக் குழப்பமாக மாறுகிறது. நோயைப் பற்றிப் பேசுவதில் உள்ள கூச்சமும் சேரும்போது, நோயர் பல்லாண்டுகள் கழித்தே தகுந்த மருத்துவரை நாடுகின்றார். ஆகவே இந்நோய் குறித்த தெளிவான விளக்கம் தமிழில் தேவைப்படுகிறது.

1. உடற்கூறும் நோய்த் தோற்றமும்

மலக்குடலின் கடைப்பகுதியான குதக்கால்வாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுடையது. இதனை இரண்டு தசை வளையங்கள் சூழ்ந்துள்ளன. உள்வளையமாகிய உட்சுருக்குத்தசை நம் விருப்பத்திற்கு உட்படாமல் எப்பொழுதும் இறுகியிருந்து, ஓய்வு நிலையில் வாயிலை மூடி வைக்கிறது. வெளிவளையமாகிய புறச்சுருக்குத்தசை நம் விருப்பத்திற்கு உட்பட்டது. மலம் கழிக்கும் உந்துதல் எழும்போது, உரிய இடமும் நேரமும் வாய்க்கும் வரை அதனைத் தடுத்து நிறுத்துவது இதுவே. இவ்விரண்டிற்கும் மேலே, மலக்குடலைப் பின்னிருந்து லாட வடிவில் அணைத்து முன்னிழுக்கும் தசை உள்ளது.

குதக்கால்வாயின் நடுப்பகுதியில் பல்வரிசை போன்ற கோடு ஒன்று உண்டு. இக்கட்டுரை அதனைப் பல்வரிக்கோடு எனக் குறிக்கும். அங்குள்ள சிறு குழிகளில் நுண்சுரப்பிகள் திறக்கின்றன. அவற்றுள் சில, உட்சுருக்குத்தசையைத் துளைத்து இரு தசைகளுக்கும் இடைப்பட்ட வெளிவரை செல்கின்றன. சுரப்பியின் வாய் அடைபட்டுத் தொற்று ஏற்பட்டால் அவ்வெளியில் சீழ் தேங்குகிறது. அச்சீழ் எளிதில் பரவக்கூடிய திசையில் நகர்ந்து தோலடியில் கட்டியாகிறது. கட்டி உடைந்தோ கீறப்பட்டோ சீழ் வெளியேறியபின், நோயருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரையில் அவ்வழி மூடாமல் நிலைத்துவிடுகிறது. கட்டி இந்நோயின் கடுநிலை என்றும், பவுத்திரம் அதன் நாட்பட்ட நிலை என்றும் கூறலாம். இச்சுரப்பிவழித் தோற்றத்தை இலண்டன் புனித மார்க் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆலன் பார்க்ஸ் 1961-இல் வெளியிட்ட கட்டுரையில் திசு ஆய்வின் துணையுடன் விளக்கினார்.

வெளித்துளையை மட்டும் மூடுவதால் நோய் ஏன் தீர்வதில்லை என்பதற்கு இதுவே காரணம். நோயின் ஊற்று உள்துளையிலும், தசைகளுக்கு இடைப்பட்ட வெளியிலும் உள்ளது. வெளித்துளை அதன் வடிகால் மட்டுமே.

2. வழியை அறிதலும் வகைப்படுத்தலும்

வெளித்துளையின் இடத்தைக் கொண்டு உள்துளையை ஊகிக்கும் விதியொன்றைப் புனித மார்க் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் குட்சால் வகுத்தார். ஆசனவாயின் நடுவே குறுக்காக ஒரு கோடு வரைந்தால், அதற்குப் பின்புறம் உள்ள துளைகளின் வழி வளைந்து சென்று பின் நடுக்கோட்டில் திறக்கும். முன்புறம் உள்ளவற்றின் வழி நேராக உட்செல்லும் என்பது அவ்விதி. முன்புறத் துளை 3 செ.மீ.க்கு அப்பால் இருப்பின் வளைந்து செல்லலாம் என்பது அதன் விலக்கு. விரல் ஆய்வை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் இவ்விதி பெரிதும் உதவியது. எனினும் எல்லா நோயரிடத்தும் இது பொருந்துவதில்லை.

அறுவை மருத்துவத்திற்கு அடிப்படையான வகைப்பாடு 1976-இல் வெளிவந்தது. பார்க்ஸ், கார்டன், ஹார்ட்காசில் ஆகிய மூவரும் 400 நோயரை ஆராய்ந்து, புரைவழிக்கும் புறச்சுருக்குத்தசைக்கும் உள்ள உறவைக் கொண்டு பவுத்திரத்தை நான்காகப் பகுத்தனர்.

அ. தசையிடை வகை: இரு தசைகளுக்கும் இடையிலேயே இறங்கித் தோலை அடைவது.
ஆ. தசை ஊடுருவும் வகை: புறச்சுருக்குத்தசையைத் துளைத்துச் செல்வது.
இ. தசைமேல் வகை: அத்தசையின் மேல்விளிம்பைத் தாண்டி இறங்குவது.
ஈ. தசைப்புற வகை: சுருக்குத்தசைகளைச் சாராமல் மலக்குடலிலிருந்தே வெளிப்படுவது.

இவ்வகைப்பாட்டின் சிறப்பு அதன் அளவுகோலில் உள்ளது. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை பகந்தரம் என்னும் பெயரில் இந்நோயை ஐந்தாகப் பகுத்தபோது, குற்றங்களின் மிகுதியும் வெளித்தோற்றமும் அடிப்படையாக அமைந்தன. பார்க்ஸ் வகைப்பாடோ, வழியைத் திறந்தால் எவ்வளவு தசை அறுபடும் என்பதை முன்னரே அறிவிக்கிறது. அது நோயின் பெயர்ப்பட்டியலாக மட்டுமன்றி அறுவையின் முன்னெச்சரிக்கையாகவும் அமைகிறது.

காந்தப்புலப் படமெடுப்பு எனப்படும் எம்.ஆர்.ஐ. இவ்வறிதலைத் துல்லியமாக்கியது. மீண்டும் தோன்றிய பவுத்திரம் உடைய 71 நோயரைக் கொண்டு 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படம் காட்டியவாறே எப்பொழுதும் அறுவை செய்த மருத்துவர்களின் நோயருள் 16 விழுக்காட்டினர்க்கே நோய் திரும்பியது. படத்தைப் பொருட்படுத்தாத மருத்துவர்களின் நோயருள் 57 விழுக்காட்டினர்க்குத் திரும்பியது. நோய் மீள்வதற்குக் கண்ணுக்குப் புலப்படாத கிளைவழிகளே பெரும்பாலும் காரணம் என்பதை இது காட்டுகிறது.

3. கத்தியின் வழி

புரைவழியை முழுநீளத்திற்கும் திறந்துவிட்டு, அடியிலிருந்து ஆறவிடுவது மிகப் பழைய முறை. 1686 நவம்பர் 18 அன்று பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு வெர்சாயில் அரண்மனையில் அறுவை மருத்துவர் சார்லசு பிரான்சுவா ஃபெலிக்ஸ் செய்தது இதுவே. மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், இதற்கெனத் தனியே வடிவமைக்கப்பட்ட வளைந்த கத்தியை அவர் கையாண்டார். மன்னர் நலம் பெற்றது அறுவை மருத்துவர்களின் மதிப்பை உயர்த்தியது. 1835-இல் ஃபிரெடெரிக் சால்மன் இலண்டனில் ஏழு படுக்கைகளுடன், பவுத்திரம் முதலிய மலக்குடல் நோய்களால் துன்புறும் ஏழையர்க்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே பின்னர்ப் புனித மார்க் மருத்துவமனையாயிற்று. மன்னரின் நோயாகப் புகழ்பெற்ற பவுத்திரம் ஏழையரின் நோயாகவும் கவனிக்கப்பட்டதை இந்நிறுவனத்தின் தோற்றம் உணர்த்துகிறது.

தாழ்நிலையில் அமைந்த எளிய பவுத்திரத்தில் இம்முறை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம் தருகிறது. இதனை விஞ்சும் வேறு முறை இன்றுவரை இல்லை. ஆயினும் வழி உயர்ந்து செல்லச் செல்ல, திறக்கும்போது அறுபடும் தசையின் அளவும் கூடுகிறது. அதன் விளைவாகக் காற்றையும் நீர்த்த மலத்தையும், கடுமையான நிலையில் கட்டிமலத்தையும் அடக்க இயலாமல் போகலாம். பெண்களுக்கு முன்புறத்தில் தசை குறுகியிருப்பதாலும், மகப்பேற்றின்போது அது முன்னரே ஊறுபட்டிருக்கக்கூடும் என்பதாலும் முன்புறப் பவுத்திரத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சீழ் வடிந்த நிலையில் வேலைக்குச் சென்றுவந்த ஒருவர், சீழ் நின்றபின் மலம் அடக்க இயலாமல் வீட்டிலேயே முடங்கினால் அதனைக் குணம் என்று கூற இயலாது.

4. நூலின் வழி

கத்திக்கு மாற்றாக நூலைப் பயன்படுத்தும் வழக்கமும் தொன்மையானது. கிரேக்க இப்போக்கிரட்டீசு மரபு நூல்கள் குதிரைமயிர் சுற்றிய நூலைப் புரைவழியில் கோத்து இறுக்குவதைக் குறிப்பிடுகின்றன. மெலிந்தோர், வலுவற்றோர், அஞ்சுவோர் ஆகியோர்க்கும், உயிர்நிலை இடங்களைச் சார்ந்த புரைகளுக்கும் கத்தியை விடுத்துக் காரம் பூசிய நூலால் அறுக்க வேண்டும் என்பது சுசுருத சங்கிதையின் கருத்து. சித்த மருத்துவம் வகுத்துள்ள 32 புறமருத்துவ முறைகளுள் காரம், கீறல், சலாகை, அறுவை ஆகியன இடம்பெறுகின்றன. இன்று சித்த மருத்துவமனைகளிலும் காரநூல் சிகிச்சை நடைமுறையில் உள்ளது.

இக்காலத்தில் தரப்படுத்தப்பட்ட செய்முறையில் நூலுக்கு 21 பூச்சுகள் இடப்படுகின்றன. முதல் 11 பூச்சு இலைக்கள்ளிப் பால் மட்டும். அடுத்த 7 பூச்சு கள்ளிப்பாலுடன் நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரம். இறுதி 3 பூச்சு கள்ளிப்பாலுடன் மஞ்சள்தூள். இந்நூல் புரைவழியில் கோக்கப்பட்டு வாரந்தோறும் மாற்றப்படுகிறது. பழைய நூலின் முனையில் புதியதைக் கட்டி இழுப்பதால் ஒவ்வொரு முறையும் வழியைத் துருவ வேண்டுவதில்லை. காரம் அழுகிய திசுவைக் கரைக்க, நூலின் இறுக்கம் வழியை மெல்ல அறுத்துச் செல்கிறது. முன்புறம் அறுபடும்போதே பின்புறம் தழும்பு கட்டி ஆறுவதால், அறுபட்ட தசைமுனைகள் கத்தியால் அறுத்தபோது போல விலகிப் போவதில்லை என்பது இம்முறைக்குக் கூறப்படும் விளக்கம்.

1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்திய ஒப்பீட்டாய்வின் முடிவு 1991-இல் வெளிவந்தது. காரநூல் சிகிச்சை பெற்றோருள் 4 விழுக்காட்டினர்க்கும், அறுவை பெற்றோருள் 11 விழுக்காட்டினர்க்கும் நோய் திரும்பியது. ஆனால் புண் ஆற அறுவைக்கு 4 வாரமும் காரநூலுக்கு 8 வாரமும் ஆயின.

இவ்வாய்வைச் சான்றாகக் காட்டி ‘அறுவையில்லாச் சிகிச்சை’ என விளம்பரம் செய்வது பொருந்தாது. காரநூலும் தசையை அறுக்கிறது. கத்தி நொடிகளில் செய்வதை அது வாரங்களில் செய்கிறது. மெல்ல அறுப்பது ஊற்றைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்கிவிடாது. உயர்நிலைப் பவுத்திரத்தில் நூலைக் கோக்கும் முன்னரும் வழியின் போக்கை அறிந்தாக வேண்டும்.

இதற்கு மாறாக, இறுக்காமல் தளர்வாக விடப்படும் நூல் தசையை அறுப்பதில்லை. சீழ் தேங்காமல் வடிய உதவுவதே அதன் பணி. ஒரே நூல், கட்டும் முறைக்கேற்ப அறுக்கும் கருவியாகவும் காக்கும் கருவியாகவும் அமைவது கருதத்தக்கது.

5. தசைகாக்கும் புதுமுறைகள்

தசையை அறுக்காமலே உள்துளையை மூடும் முயற்சிகள் அண்மைப் பத்தாண்டுகளில் பெருகியுள்ளன. மலக்குடல் சுவரின் மடலை இறக்கி உள்துளையை மூடுதல், பசையால் நிரப்புதல், திசுச்செருகி வைத்தல், ஒளிக்கதிரால் வழியைச் சுடுதல், நுண்நோக்கியால் உள்ளிருந்து தூய்மை செய்தல் ஆகியன அவற்றுள் சில. 2007-இல் தாய்லாந்தைச் சேர்ந்த அருண் ரோஜனசகுல் அறிமுகப்படுத்திய முறையில், இரு தசைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் நுழைந்து புரைவழியைக் கட்டி வெட்டுகின்றனர். நோயின் ஊற்றிடத்தையே தாக்குவதால் இம்முறை உலகெங்கும் பரவியது. 2017-இல் இந்திய அறுவை மருத்துவர் பங்கஜ் கார்க் விளக்கிய முறை, அதே வெளியைக் குதக்கால்வாயின் உட்புறமிருந்து திறந்து ஆறவிடுகிறது. பார்க்ஸ் 1961-இல் சுட்டிய இடத்திற்கே இவ்விரு முறைகளும் திரும்பியுள்ளன.

எனினும் புதுமை மட்டுமே வெற்றியாகாது. ஐக்கிய இராச்சியத்தில் 304 நோயரிடம் நடைபெற்ற ஃபியாட் ஆய்வில், திசுச்செருகி வைத்தோருள் 54 விழுக்காட்டினரும், மருத்துவர் விரும்பிய பிற முறைகளால் சிகிச்சை பெற்றோருள் 55 விழுக்காட்டினரும் ஓராண்டில் குணமடைந்தனர். தசையைக் காக்கும் முறைகளில் நோய் மீளும் வாய்ப்பு கூடுதல் என்பதை நோயர்க்கு முன்னரே எடுத்துரைப்பது மருத்துவரின் கடன்.

6. தனிக்கவனம் வேண்டும் நிலைகள்

எல்லாப் பவுத்திரமும் சுரப்பித் தொற்றால் வருவதன்று. காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில், அறுத்தெடுத்த திசுவை ஆய்வுக்கு அனுப்புவது இன்றியமையாதது. காசநோய் உறுதிப்பட்டால் அதற்குரிய மருந்தே முதன்மைச் சிகிச்சை. குரோன் என்னும் குடலழற்சி நோயில் தோன்றும் பவுத்திரத்திலும் மருந்துக்கே முதன்மை. 94 நோயரிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளிவந்த ஆய்வில், இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைக் குறைந்த அளவில் பெற்றோருள் 55 விழுக்காட்டினர்க்கு எல்லாப் புரைகளும் மூடின. வெற்றுமருந்து பெற்றோருள் 13 விழுக்காட்டினர்க்கே மூடின. மேலும், ஆசனவாய்க் குருதிப்போக்கை ‘மூலம்தான்’ என ஒதுக்குவதால் மலக்குடல் புற்றுநோய் காலங்கடந்து கண்டறியப்படும் இடரும் உண்டு. எனவே எச்சிகிச்சைக்கும் முன்னர் விரல் ஆய்வும், தேவைக்கேற்ப உள்நோக்கிச் சோதனையும் செய்தல் வேண்டும்.

முடிவுரை

பவுத்திரச் சிகிச்சையின் வரலாற்றைப் பழமைக்கும் புதுமைக்கும் இடைப்பட்ட போட்டியாகக் காண்பது பொருந்தாது. குதிரைமயிர் நூலும், காரநூலும், மன்னருக்காக வளைக்கப்பட்ட கத்தியும், தசையிடை வெளியைத் தேடும் இன்றைய முறைகளும் ஒரே வினாவையே எதிர்கொள்கின்றன. தாழ்நிலையில் கத்தி பாதுகாப்பானது; உயர்நிலையில் தசைக்காப்பு முதன்மை பெறுகிறது; இடைநிலையில் தேர்வு நோயரின் பால், மகப்பேற்று வரலாறு, முந்தைய அறுவைகள், தொழில் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகவே எந்தச் சிகிச்சையையும் புண் ஆறியதா, அடக்கும் ஆற்றல் குன்றாதிருக்கிறதா என்னும் இரண்டு அளவுகோல்களாலும் ஒருசேர மதிப்பிட வேண்டும். காரநூல் குறித்து இனி மேற்கொள்ளப்படும் ஆய்வுகள் நோய் மீளும் விழுக்காட்டுடன் அடக்கும் ஆற்றலையும் சீரான அளவீட்டால் பதிவு செய்தல் நலம். மூலம், வெடிப்பு, பவுத்திரம் ஆகிய சொற்களைப் பொருள் மயக்கமின்றிக் கையாள்வது தமிழில் மருத்துவம் எழுதுவோர் செய்யத்தக்க முதற்பணியாகும்.