மார்பு அறுவை சிகிச்சைக்குப் பின் திருநம்பியரின் வாழ்வு

"இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டு, பிறகு என் பிள்ளை வருந்த மாட்டானா டாக்டர்?" திருநம்பி ஒருவருடன் வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. நியாயமான இந்த அச்சத்திற்கு மருத்துவம் இன்று தெளிவாகவே விடை கூற இயலும்.

பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. இவர்களுள் பலருக்கு மார்பகம் நாள்தோறும் மனத்தை வருத்தும் உறுப்பாக உள்ளது. அதை மறைக்கக் கோடை வெயிலிலும் 'பைண்டர்' எனும் இறுக்கமான உள்ளாடையை மணிக்கணக்கில் அணிகின்றனர். முதுகுவலி, மூச்சுவிடச் சிரமம், தோல் புண் ஆகியவை அதன் விளைவுகள். தோள்களைக் குறுக்கி நடப்பதும், பேருந்தில் பையை மார்போடு அணைத்துக்கொள்வதும், நண்பர்களுடன் அருவிக்குச் செல்ல மறுப்பதும் இந்த வருத்தத்தின் அடையாளங்களே. எனினும், எல்லாத் திருநம்பியரும் அறுவை சிகிச்சையை நாடுவதில்லை. அது அவரவர் முடிவு.

இச்சிகிச்சையில் மார்பகத் திசு அகற்றப்பட்டு, மார்பு தட்டையாக வடிவமைக்கப்படுகிறது. மார்பகம் சிறியதாயின் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் கீறல் போதும். பெரியதாயின் இருபுறமும் நீண்ட கீறல் இட்டு, காம்பைச் சிறிதாக்கி உரிய இடத்தில் ஒட்டுகிறோம். இம்முறையில் தழும்பு தெரியும். காம்பின் தொடு உணர்ச்சி பெரிதும் குறையும். இவற்றை முன்னரே அறிந்து முடிவெடுப்பது அவசியம்.

வருத்தம் பற்றிய கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளேனும் கடந்த 235 பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 139 பேர் விடையளித்தனர். 2023இல் வெளியான முடிவுகளின்படி, மனநிறைவின் இடைநிலை மதிப்பெண் 5க்கு 5. வருத்தத்தின் இடைநிலை மதிப்பெண் 100க்கு 0. விடையளிக்காதோரின் மனநிலையை நாம் அறியோம். ஆயினும் வருத்தம் அரிது என்பதையே பிற ஆய்வுகளும் காட்டுகின்றன.

முதல் வாரங்களில் தோன்றும் மனச்சோர்வை வருத்தம் என எண்ணிவிடக் கூடாது. கட்டைப் பிரிக்கும் நாளில் வீக்கமும் கன்றலும் தையலுமே கண்ணில் படும். "நான் எண்ணியது இதுவல்லவே" எனச் சிலர் கலங்குவர். வீக்கம் வடியச் சில மாதங்களும், தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகும். சோர்வு நீடித்தால் தயங்காது கூறுங்கள். மனநல ஆலோசனையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. குடும்பத்தின் புறக்கணிப்பையோ வேலையின்மையையோ கத்தி தீர்த்துவிடாது என்பதையும் மறவாதிருப்போம்.

குடும்பத்தாரின் பங்கு இங்குதான் தொடங்குகிறது. சில வாரங்கள் அவர் கைகளை உயர்த்தவோ கனமான பொருளைத் தூக்கவோ கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, சட்டை மாட்டிவிடுவது, வடிகுழாயில் சேரும் நீரை அளந்து குறிப்பது ஆகியவற்றிற்கு உங்கள் கை வேண்டும். அவர் விரும்பும் பெயரால் அழைப்பதும் நல்ல மருந்தே.

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குதல், காய்ச்சல், சீழ், காம்பு கருத்தல் ஆகியவை தோன்றினால் உடனே தெரிவியுங்கள். மூச்சுத்திணறலோ காலில் வலியுடன் வீக்கமோ ஏற்பட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். சிறிதளவு மார்பகத் திசு எஞ்சியிருக்கும் என்பதால், பிற்காலத்தில் கட்டி தென்பட்டாலும் பரிசோதனை தேவை.

சிகிச்சையின் வெற்றியைத் தழும்பின் நேர்த்தியைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. பைண்டர் இன்றி ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, தோள் நிமிர்ந்து கடைத்தெருவுக்குச் சென்று வந்ததாக ஒருவர் மறுபரிசோதனையின்போது கூறுவாராயின், அதுவே எமக்குச் சிறந்த அளவுகோல்.