கொச்சியின் இசையும் கேட்போரும்

சாஸ்திரீய சங்கீதம் கற்றோருக்கு, சினிமாப் பாட்டு பாமரருக்கு, நாட்டுப்பாடல் கிராமத்தாருக்கு என்று இசை வகைகளையும் அவற்றைக் கேட்போரையும் இணைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கம். இப்பாகுபாடு எந்த அளவுக்குப் பொருத்தமானது? கேரளத்தின் துறைமுக நகரான கொச்சியின் அனுபவம் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

மட்டாஞ்சேரியின் மெஹ்ஃபில்

நறுமணப் பொருள் வாணிகத்தால் வளர்ந்த மட்டாஞ்சேரியில் குஜராத்தியர், கட்ச் மேமன்கள், கொங்கணியர், தக்கனி முஸ்லிம்கள், தமிழர் எனப் பல மொழியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். வடநாட்டு வணிகத் தொடர்புகளின் வழியே ஹிந்துஸ்தானி இசையும் கஜலும் இங்கு வேரூன்றின. வடக்கே கஜல், அரசவையிலும் செல்வர் மாளிகையிலும் போற்றப்பட்ட கலை. மட்டாஞ்சேரியிலோ சுமை தூக்குவோரும் சிறுகடைக்காரரும் அதன் ரசிகர்களாயினர்.

இத்தொழிலாளரின் வருவாய் நிலையற்றது. 'சாப்பா' எனப்பட்ட உலோக வில்லை கிடைத்தால்தான் துறைமுகத்தில் அன்றைய வேலை. அம்முறையை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அத்தகைய வாழ்வினர் இரவில் கூடி ஸைகலின் பாடல்களைக் கேட்டது எவ்வாறு? காரணம் எளிது. மெஹ்ஃபிலுக்குத் தேவை ஒரு ஹார்மோனியம், தபலா, சிறு மாடியறை. நுழைவுக் கட்டணம் இல்லை. செலவை வீட்டுக்காரரோ நண்பர்களோ ஏற்றனர்.

இச்சூழலில் உருவானவர் மெஹபூப். 'நீலக்குயில்' (1954) போன்ற திரைப்படங்களில் பாடிப் புகழ் பெற்ற பின்னரும், 1981இல் காலமாகும் வரை கொச்சியின் கல்யாண வீடுகளின் பாடகராகவே அவர் நேசிக்கப்பட்டார். 2018இல் மறைந்த உம்பாயி, மலையாளத்திலேயே கஜல் பாடி இம்மரபை மாநிலம் முழுவதும் கொண்டு சென்றார்.

மொழியும் ஒரு தடையன்று. கொச்சிக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தின் பாடல்கள் தமிழ் கலந்த நடையில் அமைந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

வானொலி கற்ற பாடம்

மெஹ்ஃபிலின் உயிர்நாடியான ஹார்மோனியத்திற்கு அகில இந்திய வானொலியில் 1940 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் இடமில்லை. 1950களின் தொடக்கத்தில் சினிமாப் பாடல்களும் குறைக்கப்பட்டன. ரசிகர்கள் அதனால் சாஸ்திரீய சங்கீதத்திற்கு மாறிவிடவில்லை. இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இது முக்கியக் காரணம். கேட்போரின் விருப்பம் ஆணையால் மாறுவதில்லை. கேட்கும் வழி மட்டுமே மாறுகிறது என்பதை இது உணர்த்தியது.

செலவு யாருடையது?

காயலுக்குக் கிழக்கே, எர்ணாகுளத்தில் 1969இல் தந்தை ஆபேல் நிறுவிய கலாபவன், 'கானமேளா' எனும் மெல்லிசை மேடையை வளர்த்த அமைப்புகளுள் ஒன்று. கோயில் திருவிழாவிலும் தேவாலயப் பெருநாளிலும் நடைபெறும் கானமேளாவின் செலவை விழாக் குழு நன்கொடை திரட்டி ஏற்கிறது. கேட்போருக்கு அது இலவசம். ஆகவே முதியோர் முதல் குழந்தைகள் வரை அனைவரும் கூடுகின்றனர். 1996இல் கலூரில் அமைந்த ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளோ நுழைவுச்சீட்டை நம்பியவை. அங்கே கட்டணம் செலுத்த இயன்றோரே கூட முடியும்.

மூன்று இடங்களிலும் ஒரே சினிமாப் பாடல் ஒலிக்கக்கூடும். ஒரே மனிதர் மூன்றையும் விரும்பக்கூடும். கூட்டத்தின் அமைப்பை நிர்ணயிப்பது இராகத்தைவிட, செலவை ஏற்பவர் யார், கேட்குமிடம் எங்கே என்பனவே எனலாம்.

திட்டமிடுவோர் கருத்திற்கு

நுழைவுச்சீட்டு விற்பனையை மட்டும் கணக்கிட்டால் மெஹ்ஃபிலுக்கு ரசிகரே இல்லை என்று தோன்றும். கணக்கில் வராத கலைஞருக்கு உதவித்தொகையும் முதுமைக்கால ஆதரவும் எட்டுவது அரிது. எனவே கலை வளர்ச்சிக்கு நிதி ஒதுக்கும்போது, இசை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று தரம் பிரிப்பதோடு நில்லாமல், ஏழை எளியோர் அதைக் கேட்கும் சிறு இடங்கள் எவை என்று கண்டறிந்து காப்பதும் நமது கடமையாகும். மட்டாஞ்சேரியின் மாடியறைகள் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.