அப்பா இறந்த அன்றும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்!
பிரெஞ்சு வீராங்கனையின் கதை

1982-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆப்பிரிக்காவில் ஐவரிகோஸ்ட் நாட்டில் கார் ராலி தொடங்க இருந்தது. உலகப் பட்டத்துக்கான போட்டிகளில் அதுவும் ஒன்று. பிரான்சு வீராங்கனை மிஷேல் மூட்டோன் காரில் ஏறத் தயாராக இருந்தார்.

அப்போது இடி போல செய்தி வந்தது. புற்றுநோயில் கிடந்த அவரது அப்பா இறந்து விட்டார்!

ஊருக்குத் திரும்பி விடத்தான் மிஷேல் துடித்தார். போட்டியில் ஓடியே ஆக வேண்டும் என்று அம்மா வற்புறுத்தினார். கண்ணீரை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார் மகள்.

ஒரு வருஷம் கெடு

அவரைக் கார் ஓட்டத்தில் இறக்கி விட்டதே அந்த அப்பாதான். சென்டுக்குப் பேர் போன கிராஸ் நகரில் ரோஜா, மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். 1973-ல் மிஷேல், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் வேலைதான் பார்த்தார். அடுத்தவன் ஓட்டும் காரில் மகள் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நீயே ஓட்டு என்று கார் வாங்கிக் கொடுத்தார். ஒரு வருஷத்தில் திறமையைக் காட்ட வேண்டும் என்று கண்டிஷனும் போட்டார்.

காட்டினார். ராலி என்றால் மைதானத்தைச் சுற்றி வருவது அல்ல. மலை, காடு, சேறு, புழுதி எல்லாவற்றிலும் பறக்க வேண்டும். 1981-ல் இத்தாலியில் சான்ரெமோ ராலியில் மிஷேல் முதலிடம் பிடித்தார். உலகப் போட்டி ஒன்றில் பெண் ஜெயித்தது அதுவே முதல் தடவை. மறு வருஷம் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் மூன்றிலும் வெற்றி. ஓட்டியது 4 சக்கரமும் இழுக்கும் ஆடி குவாட்ரோ கார். பக்கத்தில் வழி சொன்னவரும் ஒரு பெண்தான், இத்தாலியின் பாப்ரிசியா பொன்ஸ்.

கைநழுவிய பட்டம்

ஐவரிகோஸ்டில் புயலாகப் பறந்தார் மிஷேல். எதிராளி ஜெர்மனியின் வால்டர் ரோர்லை விட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னிலை! அப்புறம் கியர் பாக்ஸ் காலை வாரியது. சம்பாதித்த நேரம் எல்லாம் போச்சு. கடைசியில் பனிமூட்டத்தில் கார் உருண்டது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை.

ரோர்ல் ஜெயித்தார். உலகப் பட்டமும் அவருக்கே. 109-க்கு 97 புள்ளி. மிஷேலுக்கு இரண்டாம் இடம்.

1985-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 11 நிமிடம் 25 விநாடியில் ஏறி சாதனை படைத்தார். 1986-ல் ஜெர்மனி தேசிய பட்டத்தை பெஜோ காரில் வென்று விட்டு, ராலிக்கு முழுக்குப் போட்டார்.

அவருக்குப் பிறகு உலக ராலி ஒன்றில் முதலிடம் பிடித்த பெண் இன்று வரை யாரும் இல்லை.